வீட்டில் ஒரு சிறு நந்தவனம்: தோட்ட வேலையைத் தொண்டாகப் பழகத் தொடங்குவோருக்கு

சிவன் கோயில்களில் நால்வர் திருவுருவங்கள் வரிசையாக நிற்கும் இடத்தில் திருநாவுக்கரசரை அடையாளம் காண்பது எளிது. மாணிக்கவாசகர் கையில் ஏட்டுச்சுவடி இருக்கும். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் பாடிய அப்பரிடமோ புல் செதுக்கும் உழவாரப்படைதான் இருக்கும். 7ஆம் நூற்றாண்டில் ஊர் ஊராக நடந்து, கோயில் திருச்சுற்றில் முளைத்த புல்லையும் முள்ளையும் செதுக்கியவர் என்றே தமிழர்கள் அவரை நினைவில் வைத்திருக்கிறார்கள்.

செடி வளர்ப்பில் ஆன்மிகப் பொருளைத் தேட விரும்பும் ஒருவர், எங்கோ போய் ஒரு புதிய முறையைக் கற்க வேண்டியதில்லை. இறைவனுக்குப் பூக் கொடுப்பதற்காகவே வளர்க்கப்படும் நந்தவனம் என்ற ஏற்பாடு நம்மிடம் நெடுங்காலமாக இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் நந்தவனம் அமைத்து மாலை கட்டினார். அங்கே துளசிச் செடியருகில்தான் ஆண்டாளைக் கண்டெடுத்தார் என்பது வரலாறு. திருப்புகலூரில் முருக நாயனார் விடியுமுன் எழுந்து நீராடி, மரத்திலும் கொடியிலும் நிலத்திலும் நீரிலும் பூக்கும் நால்வகைப் பூக்களையும் தனித்தனியே கூடைகளில் சேர்த்ததாகச் சேக்கிழார் பாடுகிறார். நந்தவனத்துக்கு நிலம் விட்டதையும், அதில் வேலை செய்வோரின் வாழ்க்கைக்கு வழி செய்ததையும் சோழர் காலக் கல்வெட்டுகள் பல பதிவு செய்திருக்கின்றன. இந்த ஏற்பாட்டை ஐந்தாறு தொட்டிகளின் அளவுக்குச் சுருக்கி, ஒரு மாடியிலோ வாசலிலோ எப்படித் தொடங்குவது என்பதைப் படிப்படியாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. கைப்பேசியில் பக்திப் பாடலை ஒலிக்கவிட்டுக்கொண்டு தண்ணீர் ஊற்றுவதால் மட்டும் தோட்ட வேலை வழிபாடாகிவிடும் என்று நான் நினைக்கவில்லை. காய்கறித் தோட்டத்தின் விளைச்சல் நம் இலைக்கு வருகிறது. நந்தவனத்தின் விளைச்சல் தொடக்கத்திலிருந்தே நம்முடையதன்று. இந்த ஒரு வேறுபாடே தண்ணீர் விடும் கையையும் பூப் பறிக்கும் கையையும் மாற்றிவிடுகிறது. ஆகவே முதலில் செய்ய வேண்டியது, இந்தச் செடிகளின் பூ யாருக்கு என்பதை முடிவு செய்வதுதான். வீட்டுப் பூசையறைக்கா, தெருமுனைப் பிள்ளையாருக்கா, பக்கத்துப் பெருமாள் கோயிலுக்கா என்பதை ஒருமுறை தீர்மானித்துவிட்டு, பிறகு மாற்றாமல் இருங்கள். கடவுள் நம்பிக்கை இல்லாதவர், நடமாட முடியாத ஓர் அண்டை வீட்டுப் பெரியவருக்கு என்று வைத்துக்கொண்டாலும் இந்தப் பழக்கத்துக்குக் குறைவில்லை.

இடமும் வேளையும்

செடி வாங்குமுன் ஒரு வாரம் இடத்தை மட்டும் பாருங்கள். காலை வெயில் எங்கே விழுகிறது, பிற்பகலில் எந்தச் சுவரின் நிழல் எங்கே நகர்கிறது, மழை நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைக் கவனித்த பிறகே தொட்டியின் இடத்தை முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலான பூச்செடிகளுக்கு நாளொன்றுக்கு ஐந்து, ஆறு மணி நேர நேர்வெயில் தேவை. மாடியாக இருந்தால் தளத்தின் தாங்குதிறனையும் நீர்க்கசிவையும் கருதி, தொட்டிகளைச் சுவரோரமாக, செங்கல் அல்லது இரும்புத் தாங்கிகளின் மேல் வையுங்கள்.

வேளையைப் பொறுத்தவரை, பொழுது புலர்வதற்கு முன்பே கோயில் புகுந்து அலகிட்டு, மெழுகி, மாலை தொடுக்கச் சொல்கிறார் அப்பர். இரவுப் பணி முடிந்து இரண்டு மணிக்கு வீடு திரும்புபவரால் அது இயலாது. அதற்காக அவர் வருந்தவும் வேண்டாம். காலை ஆறு மணியோ ஏழரை மணியோ, தம்மால் எல்லா நாளும் காக்கக்கூடிய ஒரு வேளையைத் தேர்ந்து, இருபது நிமிடத்தை அதற்கென ஒதுக்கினால் போதும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் ஆர்வமாக உழைத்துவிட்டு வாரம் முழுதும் எட்டிப் பார்க்காமல் இருப்பது செடிக்கும் ஆகாது, பழக்கத்துக்கும் ஆகாது.

எந்தச் செடிகள்

புதிதாகத் தொடங்குவோர் நாற்றுப் பண்ணைக்குப் போய், பூத்துக் குலுங்கும் ரோஜாவை வாங்கி வருவது வழக்கம். ரோஜா அழகுதான், ஆனால் பூச்சியும் நோயும் அதிகம் அண்டும் செடி, ஆகவே அது பின்னால் வரட்டும். நான் முதலில் பரிந்துரைப்பது நந்தியாவட்டை. ஒற்றை இதழடுக்கும் பல அடுக்கும் என இருவகை உண்டு; இரண்டுமே ஏறத்தாழ ஆண்டு முழுதும் வெள்ளைப் பூக்களைத் தரும்; அரைநிழலையும் பொறுத்துக்கொள்ளும். அடுத்தது செம்பருத்தி. காலையில் விரிந்து மாலைக்குள் சுருங்கிவிடும் பூ என்பதால், தினமும் செடியருகே வருவதற்கு அதுவே ஒரு காரணமாகிவிடுகிறது. மூன்றாவதாகச் சங்குப்பூ: கெட்டியான அதன் விதையை ஓர் இரவு நீரில் ஊறவைத்து ஊன்றி, ஏறுவதற்கு ஒரு கயிறோ கம்போ கொடுத்தால் போதும். அவரைக் குடும்பத்தைச் சேர்ந்ததாகையால் தன் வேர்முண்டுகளின் வழியே மண்ணுக்குத் தழைச்சத்தையும் சேர்த்துத் தரும்.

துளசி இல்லாத நந்தவனம் இல்லை. ஆனால் துளசி பட்டுப்போய்விட்டதே, ஏதேனும் தீய அறிகுறியோ என்று அஞ்சுவோர் பலர். துளசி குறுகிய ஆயுளுடைய செடி. கதிர் விட்டு விதை முற்றியதும் தளரத் தொடங்குவது அதன் இயல்பு. கதிர்களை அவ்வப்போது கிள்ளிவிட்டால் செடி தழைத்து நீண்ட நாள் நிற்கும்; இரண்டொரு கதிர்களை மட்டும் முற்றவிட்டு விதை எடுத்து, அடுத்த தலைமுறைக்கான நாற்றை முன்கூட்டியே வளர்த்து வையுங்கள். துவாதசியன்று துளசி பறிப்பதில்லை என்ற வழக்கம் வைணவ இல்லங்களில் உண்டு; செடிக்கு ஓய்வு தரும் அந்த நாளை எல்லோருமே கடைப்பிடிக்கலாம்.

தரையில் இடம் உள்ளவர்கள் ஒரு பவழமல்லியும் ஒரு வில்வமும் வைக்கலாம். வில்வம் மரமாகும் என்பதால் தொட்டியில் அதற்கு எதிர்காலம் இல்லை. குண்டுமல்லி விரும்புவோர், நவம்பர் கடைசியில் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம் விட்டுக் கவாத்து செய்தால், மாசி, பங்குனி முதல் பூக்கத் தொடங்கிவிடும் என்பதை அறிந்திருக்க வேண்டும். அரளி வறட்சியைத் தாங்கும், பூவும் மிகுதி. ஆயினும் அதன் எல்லாப் பகுதிகளும் நச்சுத்தன்மை கொண்டவை. சிறு குழந்தைகளோ, இலையைக் கடிக்கும் வளர்ப்பு விலங்குகளோ இருக்கும் வீட்டில் அது வேண்டாம்.

மண்ணைத் தயார் செய்தல்

செம்மண் இரண்டு பங்கு, நன்கு மட்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, அலசிப் பிழிந்த தென்னைநார்த் தூள் ஒரு பங்கு, தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. இது பெரும்பாலான பூச்செடிகளுக்கு ஒத்துவரும். பச்சைச் சாணத்தை நேராக இட்டால் அது மட்கும்போது எழும் வெப்பம் வேரைச் சுடும். தொட்டி ஓர் அடிக்குக் குறையாத ஆழமுடையதாகவும், அடியில் துளை உள்ளதாகவும் இருக்கட்டும். மண்ணைக் கையால் கலப்பதே நல்லது. கட்டிகளை உடைத்து, கல்லையும் கண்ணாடித் துண்டையும் பொறுக்கி எடுக்கும்போதுதான் அந்த மண் எப்படிப்பட்டது என்பது விளங்குகிறது. கையில் காயம் இருந்தால் மட்டும் கையுறை அணிந்துகொள்ளுங்கள்.

இவ்விடத்தில் அப்பரின் ஒரு பாடலைக் குறிப்பிட வேண்டும். ‘மெய்ம்மையாம் உழவைச் செய்து விருப்பெனும் வித்தை வித்தி’ என்று தொடங்கும் அந்த நான்காம் திருமுறைப் பாடலில், பொய்ம்மையைக் களையாகவும், பொறுமையை நீராகவும், தகுதியான நடத்தையை வேலியாகவும் வைக்கிறார். நீர் பாய்ச்சுவதற்கும் வேலி இடுவதற்கும் நடுவே, உருவகம் ஏதுமில்லாமல், ‘தம்மையும் நோக்கிக் கண்டு’ என்று ஒரு வேலையைச் சேர்த்திருக்கிறார். பயிரைப் பார்ப்பவன் தன்னையும் பார்க்க வேண்டும் என்ற இந்த ஒரு வேலைதான், சாதாரணத் தோட்டக்காரரையும் தொண்டரையும் பிரிக்கிறது என்பது என் கருத்து. அதற்கு ஓர் எளிய வழி, தோட்டத்துக்கென ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்வது. இடப்பக்கத்தில் செடியின் நிலையை எழுதுங்கள். வலப்பக்கத்தில் அன்று என்ன மனநிலையில் அந்த வேலையைச் செய்தீர்கள் என்பதை ஒரே வரியில் எழுதுங்கள். சில வாரங்கள் சென்று புரட்டிப் பார்த்தால், எரிச்சலோடு இருந்த நாள்களில் எந்தத் தொட்டிக்குத் தண்ணீர் விடாமல் போனது, பெருமையோடு இருந்த நாள்களில் எத்தனை பூக்களைப் படமெடுத்தோம் என்பதெல்லாம் தெரியவரும்.

தண்ணீர்

தொட்டிச் செடிகள் வாடிச் சாவதைவிட அழுகிச் சாவதே மிகுதி. அன்பு மிகுந்து வேளாவேளைக்கு ஊற்றும் தண்ணீர், வேர் மூச்சுவிட இடமில்லாமல் செய்துவிடுகிறது. விரலை இரண்டாம் கணு வரை மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் அன்று தண்ணீர் வேண்டாம். ஊற்றும் நாளில் பூவாளியால் மெதுவாக, அடித்துளை வழியே நீர் வடியும் வரை ஊற்றுங்கள். மே மாதக் கத்திரி வெயிலில் காலை, மாலை இருவேளையும் தேவைப்படலாம்; ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் வேலை துளைகள் அடைபடாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே. தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தேங்கும் நீரில் டெங்கு பரப்பும் கொசு முட்டையிடும். வாரத்துக்கு ஒருமுறையாவது அதைக் கொட்டித் தேய்த்துக் கழுவ வேண்டும்.

ஊற்ற வேண்டும் என்று கை துடிக்கும்போது, மண் ஈரமாக இருப்பதைக் கண்டு நிறுத்திக்கொள்வது ஒரு நல்ல பயிற்சி. கொடுப்பவரின் மகிழ்ச்சிக்காகக் கொடுப்பதும் பெறுபவரின் தேவைக்காகக் கொடுப்பதும் வேறு வேறு என்பதைப் பூவாளி தினந்தோறும் நமக்கு நினைவூட்டுகிறது.

களை எடுத்தல்

வழிபாட்டுத் தோட்டத்தில் களை எடுப்பது சற்றுச் சிக்கலான வேலை. தொட்டி ஓரத்தில் தானாக முளைக்கும் தும்பை சிவனுக்கு உகந்த பூ. அறுகம்புல் பிள்ளையாருக்குரியது. வேலியோரத்தில் யாரும் நடாமல் நிற்கும் எருக்கும் அப்படியே. வேண்டாதது என்று பிடுங்கி எறியப் போகும் கையை இவை நிறுத்திவிடுகின்றன. இதற்கு நான் கூறும் முறை: தானாக முளைத்ததை உடனே பிடுங்காமல், நான்கு இலை விடும் வரை பொறுத்து, அது என்ன என்று அடையாளம் கண்டுகொள்ளுங்கள். தும்பையையும் அறுகையும் ஒரு தனித் தொட்டிக்கு மாற்றுங்கள்; மீதியை மழை பெய்த மறுநாள் அல்லது தண்ணீர் விட்ட சற்று நேரத்தில், வேர் அறுபடாமல் களைக்கொத்தால் நெம்பி எடுங்கள். அறுகுக்குத் தனித் தொட்டி கட்டாயம். தரையில் விட்டால் எல்லாப் பாத்தியையும் அதுவே எடுத்துக்கொள்ளும்.

அப்பர் திருப்புகலூரில் உழவாரப்பணி செய்துகொண்டிருந்தபோது அவர் செதுக்கிய இடத்தில் பொன்னும் நவமணியும் தோன்றின என்றும், அவற்றைப் புல்லோடும் பருக்கைக் கல்லோடும் சேர்த்து உழவாரத்தில் ஏந்திக் குளத்தில் எறிந்தார் என்றும் பெரியபுராணம் சொல்கிறது. நமக்குப் பொன் தோன்றப் போவதில்லை. ஆனால் களை எடுக்கும்போது பக்கத்தில் கிடக்கும் கைப்பேசி ஒலித்துக்கொண்டே இருக்கும். அந்த இருபது நிமிடத்துக்கு அதை வீட்டுக்குள்ளேயே வைத்துவிட்டு வருவது நம் அளவிலான துறவு.

பூச்சிகளும் உயிர்க்கொலையும்

பக்தியோடு தொடங்கியவர்கள் தடுமாறும் இடம் இதுதான். இறைவனுக்கான செடியைக் காக்க ஓர் உயிரைக் கொல்லலாமா என்ற கேள்விக்குச் சமயப் பெரியோர் பலவாறு விடை கூறுவர். நடைமுறையில், கொல்லும் தேவை வராதபடி பார்த்துக்கொள்வதற்கு நமக்கு நிறைய வழி இருக்கிறது. செம்பருத்தியில் எறும்பு வரிசையாக ஏறினால், இலைக் கணுக்களில் மாவுப்பூச்சியோ அசுவினியோ குடியேறியிருக்கிறது என்று பொருள். அவை சுரக்கும் இனிப்பு நீருக்காகவே எறும்பு வருகிறது. தினமும் பார்ப்பவர் இதை முதல் வாரத்திலேயே கண்டுவிடுவார். அந்த நிலையில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுவதும், மிகுதியாகப் பிடித்த நுனியைக் கிள்ளி அப்புறப்படுத்துவதும் போதும். அதையும் மீறினால், ஒரு லிட்டர் நீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்புறம் நனையும்படி தெளிக்கலாம். விரிந்த பூக்களின் மேல் தெளிக்காதீர்கள். துளசிக் கதிருக்கும் சங்குப்பூவுக்கும் தேனீக்கள் வந்துகொண்டிருக்கும்.

இலை தின்னும் புழுக்களில் பல பட்டாம்பூச்சியின் இளம்பருவம். எருக்கிலும் அரளியிலும் எலுமிச்சையிலும் காணும் புழுக்கள் அப்படிப்பட்டவையே. வளர்ந்த செடி சில இலைகளை இழப்பதால் சாகாது. இளஞ்செடியாக இருந்தால் புழுவை அதே இனத்தைச் சேர்ந்த பெரிய செடிக்கு மாற்றிவிடுங்கள். வேறு செடியில் விட்டால் அது பட்டினி கிடக்கும்.

பூப் பறித்தல்

எந்தப் பூவை எப்படி எடுப்பது என்பதற்குத் தனி நெறிகளே வகுக்கப்பட்டிருக்கின்றன. நீராடியோ, கை கால் கழுவியோ பறிப்பது, முகர்ந்து பாராமல் இருப்பது, புழு அரித்ததையும் கீழே விழுந்ததையும் விலக்குவது ஆகியன பொதுவானவை. இரவில் மலர்ந்து விடியலில் தானே உதிரும் பவழமல்லிக்கு மட்டும் விலக்கு உண்டு. அதை உதிர்ந்த பிறகு எடுப்பதே வழக்கம். செடியடியில் முன்னிரவே ஒரு சுத்தமான துணியை விரித்துவைத்தால் மண் ஒட்டாமல் கிடைக்கும்.

காம்பை இழுத்துப் பிய்க்காமல், நகத்தாலோ சிறு கத்தரியாலோ கிள்ளி, பூக்குடலையில் இடுங்கள். நந்தியாவட்டையில் பால் வடியும் என்பதால் கையைக் கழுவிய பிறகே கண்ணைத் தொடவேண்டும். செடியை மொட்டையடிக்க வேண்டாம். தேனீக்கும் பார்ப்போர் கண்ணுக்கும் பாதியாவது நிற்கட்டும். அடுத்த வீட்டு மதிலுக்கு வெளியே தொங்கும் கிளையைக் கொக்கி போட்டு இழுத்து, ‘பூசைக்குத்தானே’ என்று சொல்லிக்கொண்டே பிளாஸ்டிக் பையை நிரப்பும் காலைநடையினர் எல்லா ஊரிலும் உண்டு. கேளாமல் எடுத்த பூவை எந்தச் சாமிக்குக் கொடுத்தாலும் அது வேறொருவருடைய நந்தவனம்.

சிலருக்குச் செடி வளர்ந்து பூத்த பிறகு பறிக்கவே மனம் வராது. பனி படிந்த மலருக்குள் இறைவனே இருப்பதைக் கண்டபின் அதை எடுக்க மனம் துணியவில்லை என்று தாயுமானவரும் பாடியிருக்கிறார். அந்நிலை வந்தவர்கள், பூவைச் செடியிலேயே விட்டு அங்கேயே நின்று வணங்கலாம். பூவே இல்லாத நாளும் வரும். அன்றைக்கு ஒரு பச்சிலை போதும் என்பது திருமூலர் வாக்கு.

நிர்மாலியம்

சாத்திக் களைந்த பூவை நெகிழிப் பையில் கட்டி ஆற்றிலோ குளத்திலோ போடும் பழக்கம், பூவைக் காட்டிலும் நெகிழியையே இறைவனுக்குக் கொடுப்பதாக முடிகிறது. பக்கங்களில் துளையிட்ட ஒரு பழைய வாளியில் முதலில் காய்ந்த சருகு, அதன் மேல் நிர்மாலியப் பூ, மீண்டும் சருகு, சிறிது மண் என்று அடுக்கி வாருங்கள். வாழைநாரில் தொடுத்திருந்தால் அப்படியே போடலாம். நூலில் தொடுத்திருந்தால் நூலை உருவிவிட வேண்டும். கடை மாலையில் வரும் சரிகை, பிளாஸ்டிக் மணி ஆகியவற்றையும் நீக்குங்கள். வாரம் ஒருமுறை கிளறி, பிழிந்த துணியின் அளவுக்கு ஈரம் காத்துவந்தால் இரண்டு, மூன்று மாதங்களில் கறுத்து உதிரும் எருவாகும். நாற்றம் வந்தால் ஈரம் மிகுந்துவிட்டது என்று பொருள், சருகைக் கூட்டுங்கள். இந்த எருவைப் பூச்செடிகளுக்கே இடுவது பொருத்தம். காலடி படும் புல்தரைக்கு இடுவதைப் பெரியோர் விரும்புவதில்லை.

ஊருக்குப் போக நேரும்போது

ஒரு வாரம் வெளியூர் செல்ல வேண்டியிருந்தால், தொட்டிகளை நிழலுக்கு நகர்த்தி, மண்ணின் மேல் சருகைப் பரப்பி, நன்றாகத் தண்ணீர் விட்டுவிட்டுப் போகலாம். அதைவிட நல்லது, பக்கத்து வீட்டில் ஒருவரிடம் பொறுப்பை ஒப்படைத்து, அந்த நாள்களின் பூவை அவரே தம் விருப்பம்போல் கொடுக்கச் சொல்வது. நாம் இல்லாமலும் பூ உரிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்ற செய்தி, ‘என் தோட்டம்’ என்ற எண்ணத்தைச் சற்றே தளர்த்தும்.

ஆடி, ஆவணியில் காற்றில் ஈரம் கூடும்போது, கவாத்து செய்த நந்தியாவட்டை, செம்பருத்திக் கிளைகளை வீணாக்காதீர்கள். பென்சில் கனமுள்ள குச்சிகளை முக்கால் அடி நீளத்தில், கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டி, அடியிலைகளை நீக்கி, இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் இருக்கும்படி நிழலில் ஊன்றுங்கள். பால் வடிந்தால் சற்று உலரவிட்டு ஊன்றலாம். மண்ணில் ஈரம் காத்துவந்தால் ஒன்றரை மாதத்துக்குள் வேர்விட்டுத் துளிர்க்கும். அவற்றில் ஒன்றை உங்களுக்கு வைத்துக்கொண்டு, மற்றவற்றை, இருபது நிமிடம் ஒதுக்க முடியும் என்று சொல்பவர்களுக்கு மட்டும் கொடுங்கள்.